பாதி ஓவியத்தை எப்போது, யாருக்கு, எப்படிக் காட்டுவது? ஓவிய அறையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டியின் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் முடிவில் கண்களும் நெற்றியும் ஓரளவு அமைந்துவிட்டன. பின்னணியில் பழுப்பு வண்ணத்தை நீர்க்கக் கரைத்துத் துணியால் தேய்த்து விட்டிருந்தேன். அது வெறும் தற்காலிக ஏற்பாடு. அன்று இரவு கைபேசியில் ஒரு படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பின்னணி அருமையாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

மறுநாள் கேன்வாஸைத் தாங்கும் ஈசல் சட்டத்தின் முன் நின்றபோது பின்னணிப் பக்கம் கை போகவில்லை. கன்னத்தின் நிழல் அந்தப் பழுப்போடு சேரவில்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பின்னணியை மாற்ற மனம் வரவில்லை. அதனால் முகத்தை மாற்றிப் பார்த்தேன். பத்து நாளில் முகமும் கெட்டது.

பாராட்டியவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. நான் இன்னும் முடிவெடுக்காத ஒரு பகுதியைப் பலர் முன் வைத்துவிட்டேன். அவர்கள் எனக்காக முடிவெடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு பழக்கத்துக்கு வந்தேன். முடிவெடுத்துவிட்ட பகுதியை எல்லோருக்கும் காட்டுவேன். இன்னும் கேள்வியாக இருப்பதை ஓரிருவரிடம் மட்டும் காட்டுவேன். கேட்க எளிதாக இருக்கும் இந்தப் பழக்கத்தை நடைமுறையில் காப்பாற்ற வேண்டுமானால் அறை, நேரம், புகைப்படம், எழுதும் சொற்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றியமைக்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். எண்ணெய் வண்ணம், அக்ரிலிக் இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நீர்வண்ணம் வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: அறையை முதலில் உங்கள் கண்ணுக்காக அமையுங்கள்

பகிர்வதற்கு அழகான அறை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டி போலோன்யா நகரில் தான் தூங்கிய அறையிலேயே, சில புட்டிகளையும் குவளைகளையும் மேசையில் மாற்றி மாற்றி அடுக்கி வாழ்நாள் முழுக்க வரைந்தார். மறுபக்கம் இருபதாம் நூற்றாண்டு ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் லண்டன் ஸ்டூடியோ, கால் வைக்க இடமில்லாத குவியல். அவர் இறந்த பிறகு அதை அப்படியே டப்ளின் நகரின் ஓவியக் கூடத்துக்கு மாற்றியபோது 7,000-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பட்டியலிட்டார்கள். அறை சுத்தமாக இருப்பதும் குழம்பிக் கிடப்பதும் உங்கள் இயல்பைப் பொறுத்தது. ஆனால் ஒளி, தூரம், காற்று இந்த மூன்றில் சமரசம் வேண்டாம்.

ஒளி. பூமியின் வடபாதியில் இருப்பவர்களுக்கு வடக்கு ஜன்னலும், தென்பாதியில் இருப்பவர்களுக்குத் தெற்கு ஜன்னலும் நாள் முழுக்க அதிகம் மாறாத ஒளி தரும், நேர் வெயில் உள்ளே விழாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் ஆண்டில் சில மாதம் சூரியன் அந்தப் பக்கமும் சாயும். அப்போது மெல்லிய வெள்ளைத் திரை போட்டால் போதும். இரவில் வரைபவர்கள் 5000 கெல்வின் அளவில் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண் இது) உள்ள விளக்கை வாங்குங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும், வண்ணங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது; 90-க்கு மேல் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் சிவப்பும் ஊதாவும் ஏமாற்றும். இன்னொன்று, கேன்வாஸ் மேலும், வண்ணம் கலக்கும் பேலட் மேலும் ஒரே விளக்கு விழ வேண்டும். பேலட்டில் சரியாகத் தெரிந்த வண்ணம் கேன்வாஸில் மாறிப்போவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

தூரம். கேன்வாஸின் நீள அகலத்தைப் போல மூன்று மடங்காவது பின்னால் நகர்ந்து பார்க்க இடம் வேண்டும். இடம் இல்லையா? உங்களுக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டுங்கள். திரும்பிப் பார்த்தால் தூரம் இரட்டிப்பாகும், உருவமும் இடம் வலமாக மாறித் தெரியும். ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும்படி லியோனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கண் மேலே ஏறியிருப்பது, தோள் சரிந்திருப்பது எல்லாம் கண்ணாடியில் உடனே பிடிபடும். பிறரிடம் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் ஆள் இந்தக் கண்ணாடி.

காற்று. எண்ணெய் வண்ணத்தைக் கரைக்க டர்பென்டைன் பயன்படுத்தினால் எதிரெதிரே இரண்டு திறப்புகள் இருக்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் வீடுகள் எரிந்திருக்கின்றன. இந்த எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது வெப்பம் வெளிவிடுகிறது. துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள், அல்லது ஒவ்வொரு துணியையும் விரித்து வெளியில் காயவிடுங்கள். பழைய டர்பென்டைனைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு புட்டியில் வைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்ததைத் திரும்பப் பயன்படுத்தலாம். காட்மியம், ஈயம் கலந்த வண்ணங்கள் உலர்ந்த பின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

சரி, பகிர்தலுக்காக அறையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு சுவரைக் காலியாக விடுங்கள். வெள்ளையை விட நடுத்தரச் சாம்பல் நிறம் நல்லது. அந்தச் சுவரில்தான் படம் எடுக்கப் போகிறோம். ஈசல் இருக்கும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள். ஓவியத்தைக் கழற்றி இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது சின்ன வேலைதான், ஆனால் வரையும் மனநிலையும் காட்டும் மனநிலையும் அங்கே பிரிகின்றன.

படி 2: நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

என் நாள் இப்படிப் போகும். அறைக்குள் வந்ததும் பத்து நிமிடம் வெறுமனே பார்ப்பேன், தூரிகையைத் தொட மாட்டேன். நேற்று கண்ட பிழையும் இன்று காணும் பிழையும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். பிறகு ஒரு தாளில் இன்றைய வேலையை ஒரே வரியில் எழுதுவேன்: "இடது கையின் நிழலை ஒரு படி இருட்டாக்கு", "பின்னணியில் குளிர்ச்சியான சாம்பல் முயன்று பார்". அதற்குப் பிறகுதான் வண்ணம் பிதுக்குவது.

கைபேசி இந்த நேரம் முழுக்க வேறு அறையில் இருக்கும். வரையும்போது கைபேசி பக்கத்தில் இருந்தால், நன்றாக வந்த ஒரு தீற்றலைப் பார்த்தவுடன் படம் எடுக்கத் தோன்றும். எடுத்த உடனே அனுப்பத் தோன்றும். அனுப்பிய பிறகு பதில் வந்ததா என்று பார்க்கத் தோன்றும். ஈர வண்ணம் இறுகுவதற்குள் செய்ய வேண்டிய வேலை அங்கேயே நின்றுவிடும். அக்ரிலிக்கில் இது இன்னும் கொடுமை. சில நிமிடங்களில் விளிம்பு காய்ந்து கோடாகிவிடும்.

பகிர்வதற்கு வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரம் வையுங்கள். வரையாத நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

ஓவியத்தைப் பார்க்காமல் இருக்கும் காலமும் வேலையின் ஒரு பகுதிதான். பதினாறாம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் டிஷியன் தன் கேன்வாஸ்களைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்து, சில மாதம் கழித்து எதிரியைப் பார்ப்பது போல ஆராய்வார் என்று அவரிடம் வேலை செய்த இளைய பால்மா சொன்னதாகப் பதிவு இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் அடுக்கு உலர எப்படியும் நாள் பிடிக்கும். அந்த நாள்களில் சுவர் பக்கமாகத் திருப்பி வைப்பதில் நஷ்டம் ஏதும் இல்லை. இரண்டு மூன்று ஓவியங்களை ஒரே காலத்தில் வைத்துக்கொண்டால் ஒன்று திரும்பி நிற்க மற்றொன்றில் கை ஓடும்.

படி 3: ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் பதிவு செய்யுங்கள், பகிராவிட்டாலும்

பகிர்வதற்காகப் படம் எடுப்பது வேறு, பதிவுக்காக எடுப்பது வேறு. பதிவு எப்போதும் வேண்டும், அது உங்களுக்காக.

1937-ல் பிக்காசோ தன் பாரிஸ் ஸ்டூடியோவில் 'குவெர்னிகா'வை வரைந்தபோது புகைப்படக் கலைஞர் டோரா மார் அதன் நிலைகளைத் தொடர்ந்து புகைப்படம் எடுத்தார். சுமார் மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கேன்வாஸில், தொடக்க நிலைகளில் நடுவே முஷ்டி மடக்கி உயர்ந்த ஒரு கை இருந்தது. பிறகு அது காணாமல் போனது. அந்தப் புகைப்படங்கள் இல்லாவிட்டால் இந்த முடிவு எப்போது, எந்த வரிசையில் நிகழ்ந்தது என்று இன்று நமக்குத் தெரிந்திருக்காது. அதே பத்தாண்டில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், 1935-ல் வரைந்த இளஞ்சிவப்பு நிர்வாண ஓவியத்தின் 22 நிலைகளைப் படமெடுக்கச் செய்தார். அந்தப் படங்களை அவர் அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்த எட்டா கோன் என்ற சேகரிப்பாளருக்கு அனுப்பினார். பிறகு ஓவியத்தை வாங்கியதும் அவர்தான்.

நம்மைப் போன்றவர்களுக்குப் பதிவு தரும் பயன் எளிமையானது. மூன்றாம் நாள் நன்றாக இருந்தது ஏழாம் நாள் ஏன் செத்துப்போனது என்று திரும்பிப் பார்க்கலாம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் வெளிச்சமும் இருட்டும் சரியாகப் பிரிந்திருக்கின்றனவா என்று ஒரு நொடியில் தெரியும். வண்ணம் ஏமாற்றும் இடம் அதில் மாட்டிக்கொள்ளும்.

படம் எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் இங்கேதான் அலுத்துப்போய் விடுகிறார்கள்.

தரையில் இரண்டு இடத்தில் டேப் ஒட்டுங்கள், ஓவியம் நிற்கும் இடத்துக்கு ஒன்று, கேமரா நிற்கும் இடத்துக்கு ஒன்று. கேமரா ஓவியத்தின் மையத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: சிறிய தட்டையான கண்ணாடி ஒன்றை ஓவியத்தின் நடுவில் ஒட்டினாற்போல் பிடியுங்கள். கேமரா திரையில் அந்தக் கண்ணாடியின் நடுவே லென்ஸ் தெரிந்தால் இரண்டும் இணையாக இருக்கின்றன. கைபேசி என்றால் மிக அருகில் போகாதீர்கள். அகலக் கோண லென்ஸ் ஓரங்களை வளைத்துவிடும். இரண்டு மடங்கு ஜூம் வைத்துப் பின்னால் தள்ளி நில்லுங்கள்.

எண்ணெய் வண்ணத்தின் பளபளப்புதான் பெரிய தலைவலி. இரண்டு விளக்குகளை இருபுறமும் ஓவியத்தோடு 45 பாகைக் கோணத்தில் வையுங்கள், இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். ஜன்னல் ஒளியும் விளக்கும் கலந்தால் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். அப்படியும் பளபளப்பு போகவில்லை என்றால் விளக்குகள் முன் போலரைசிங் தாளும் லென்ஸில் போலரைசிங் வடிகட்டியும் போட்டுத் திருப்பிப் பார்க்கலாம். முதல் படத்தில் மட்டும் ஓவியத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுங்கள். பிறகு அதை வைத்து நிறச் சமநிலையைத் திருத்திக்கொள்ளலாம்.

ஈரமான நிலையும் காய்ந்த நிலையும் ஒன்றில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். அக்ரிலிக் காய்ந்தால் சற்று இருளும். நீர்வண்ணம் காய்ந்தால் வெளுக்கும். எண்ணெய் வண்ணத்தில் சில இடங்கள் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டு மங்கலாகும், குறிப்பாக அம்பர் என்ற பழுப்பு மண் வண்ணம் போட்ட இருண்ட பகுதிகள். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கும் படங்களை ஒரே நிலையில் எடுக்க வேண்டும்.

படத்தோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். தேதி, என்ன கலவை, என்ன மாற்றினேன், என்ன கேள்வி மீதி. நான்கு வரி போதும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வைத்தால் தானாகவே வரிசையாக அடுக்கப்பட்டுவிடும்.

வரைவதையே முழுக்க வீடியோ எடுக்கலாமா என்று கேட்பார்கள். அடிவண்ணம் போடும் நாளில் எடுங்கள், கேன்வாஸ் சட்டம் கட்டுவதை, வண்ணத்துக்கு முன் கேன்வாஸில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சைப் பூசுவதை எடுங்கள். முகத்தின் கடைசித் திருத்தங்களை நான் எடுப்பதில்லை. கேமரா ஓடும்போது கை தயங்குவதைக் குறைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்க்க அது அழகாக இருக்கும், ஆனால் தயங்க வேண்டிய இடத்தில் தயங்காத கை பிழை செய்யும்.

படி 4: எந்த நிலையைக் காட்டுவது?

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுநாயகம்.

ஒவ்வோர் ஓவியத்திலும் கூடுமானவரை இப்படிச் சில கட்டங்கள் இருக்கும்: கட்டைவிரல் அளவுச் சிறு வரைவுகள், கேன்வாஸில் கோடு, அடிவண்ணம், பெரிய பரப்புகளை நிரப்புதல், பிறகு எதுவுமே பிடிக்காத ஒரு நடுக்காலம், பிறகு விவரங்கள், கடைசித் திருத்தம். சிறு வரைவுகளைத் தாராளமாகக் காட்டலாம். பத்து வரைந்து ஒன்றைத் தேர்ந்த பிறகு, பத்தையும் காட்டலாம். தேர்வு முடிந்துவிட்டதே. அடிவண்ணமும் அப்படித்தான், அது எப்படியும் மூடப்படப் போகிறது. பார்ப்பவர்களுக்கும் அதுதான் வியப்பாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் போகப்போகும் ஒன்றைப் பார்ப்பதால்.

நடுக்காலத்தைக் காட்டாதீர்கள். குறைந்தபட்சம் அது நடந்துகொண்டிருக்கும்போது காட்டாதீர்கள். அந்தக் கட்டத்தில் நல்ல வார்த்தையும் கெடுக்கும், கெட்ட வார்த்தையும் கெடுக்கும். நல்ல வார்த்தை என்ன செய்தது என்று மேலே சொன்னேன். கெட்ட வார்த்தை வந்தால், இன்னும் இரண்டு அமர்வில் தானாகவே சரியாகியிருக்கக் கூடிய ஒன்றைப் பதறிப்போய் இடித்துவிடுவோம்.

எனக்கு மிகவும் உதவிய வழி, எப்போதும் இரண்டு அமர்வு பின்னால் இருப்பது. இன்று ஐந்தாம் அமர்வு முடிந்தது என்றால், மூன்றாம் அமர்வின் படத்தைப் பகிர்வேன். வரும் கருத்துகள் எல்லாம் இப்போது இல்லாத ஓர் ஓவியத்தைப் பற்றியவை. "அந்த நீலத்தை மாற்றாதீர்கள்" என்று ஒருவர் எழுதும்போது அந்த நீலம் ஏற்கெனவே சாம்பலாகியிருக்கும். மனம் நிம்மதியாக இருக்கும். அதே சமயம், மூன்றாம் அமர்வில் பலர் குறிப்பிட்ட பிழையை நீங்கள் ஐந்தாம் அமர்வில் தானாகவே திருத்தியிருந்தால், உங்கள் கண் சரியாக வேலை செய்கிறது என்று அறிந்துகொள்ளலாம். பகிர்தலால் நான் பெற்ற மிகப் பெரிய தைரியம் இதுதான்.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. ஆங்கில ஓவியர் டர்னர், லண்டன் ராயல் அகாடமியில் கண்காட்சி திறப்பதற்கு முன் வார்னிஷ் பூசுவதற்கென்று ஒதுக்கிய நாள்களில், மற்ற ஓவியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரைந்து முடிப்பார். 1832-ல் சக ஓவியர் கான்ஸ்டபிளின் ஓவியத்துக்குப் பக்கத்தில் தன் சாம்பல் நிறக் கடற்காட்சி மங்கித் தெரிவதைப் பார்த்து, அதில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். பிறகு வந்து அதை ஒரு மிதவையாக மாற்றினார். அத்தனை பேர் முன்னிலையில் அப்படிச் செய்ய நாற்பதாண்டுக்கு மேற்பட்ட கைப்பழக்கம் பின்னால் இருந்தது. உங்களுக்கும் அது வாய்த்தால் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

முழு ஓவியத்தைக் காட்ட மனமில்லாதபோது ஒரு துண்டைக் காட்டலாம். கைவிரல், துணி மடிப்பு, இரண்டு வண்ணம் சேரும் விளிம்பு. முடிந்த துண்டாக இருக்கட்டும். பேலட்டும் நல்ல படம்தான். அன்றைய வண்ணங்கள் எல்லாம் அதில் இருக்கும், ஓவியத்தைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

படி 5: படத்தோடு என்ன எழுதுவது?

1888 அக்டோபரில் வான்கோ தன் படுக்கையறை ஓவியத்தைப் பற்றித் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சிறு கோட்டோவியமும் இருக்கிறது. சுவர் என்ன நிறம், தரை என்ன நிறம், கட்டில் என்ன நிறம், போர்வை என்ன நிறம் என்று வரிசையாகச் சொல்கிறார். இவையெல்லாம் சேர்ந்து ஓய்வை உணர்த்த வேண்டும் என்றும் சொல்கிறார். செய்தது என்ன, எதற்காகச் செய்தேன் இரண்டும் அதில் உண்டு. ஒரு பாதி ஓவியத்தோடு எழுத வேண்டியது இவ்வளவுதான்.

"எப்படி இருக்கிறது?" என்று எழுதாதீர்கள். அது தீர்ப்பைக் கேட்கிறது. "இன்னும் முடியவில்லை, மன்னிக்கவும்" என்பதும் வேண்டாம். முடியாத ஒன்றைக் காட்டுவதில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது? அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "அடிவண்ணம், எரிந்த அம்பர் மட்டும். அம்பர் சீக்கிரம் காயும், அதனால் மறுநாளே மேலே வரையலாம். இந்தக் கட்டத்தில் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்த்தேன்." படிப்பவர் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்கிறார், அவர் வரைபவராக இருந்தால் தன் அறையில் செய்து பார்ப்பார்.

முடிக்கும் தேதியை எழுதாமல் இருப்பது நல்லது. தேதிக்காக முடித்த ஓவியம் என்னிடம் இரண்டு இருக்கிறது. இரண்டிலும் கடைசி நாளின் அவசரம் எனக்குத் தெரிகிறது.

படி 6: கேள்வி இருந்தால், சரியானவரிடம், சரியாகக் கேளுங்கள்

அப்பெல்லிஸ் என்ற கிரேக்க ஓவியர் தன் ஓவியத்தை வழியில் போகிறவர்கள் பார்க்கும்படி வைத்துவிட்டு, பின்னால் மறைந்து நின்று அவர்கள் பேசுவதைக் கேட்பாராம். ரோமானியரான பிளினி எழுதி வைத்த கதை இது. ஒரு செருப்புத் தைப்பவர், காலணியில் ஒரு வார் குறைகிறது என்றார். அப்பெல்லிஸ் அதைத் திருத்தினார். மறுநாள் அதே ஆள் பெருமிதத்தோடு காலின் வடிவத்தையும் குறை சொல்ல, ஓவியர் வெளியே வந்து, காலணிக்கு மேலே போக வேண்டாம் என்றாராம்.

இந்தக் கதையின் இரண்டாம் பாதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முதல் பாதி பிடிக்கும். காலணி தெரிந்தவர் காலணியைப் பற்றிச் சொன்னார், ஓவியர் அன்றே திருத்தினார். ஆக, யாருக்கு எது தெரியும் என்று யோசித்துக் கேளுங்கள். படகு வரைந்தால் படகில் போகிறவரிடம், வீணை வரைந்தால் வாசிப்பவரிடம் காட்டுங்கள். விரல் எங்கே நிற்கும் என்று அவர் சொல்வார். வண்ணம், அமைப்பு பற்றிய கேள்விக்கு இன்னோர் ஓவியர் வேண்டும். உங்கள் ஓவியங்களைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருபவர், உங்களிடம் உண்மை சொல்லத் தயங்காதவர், அப்படி ஒருவரோ இருவரோ போதும்.

கேட்கும் விதம் முக்கியம். பத்து நொடி ஓவியத்தைக் காட்டி, திருப்பிவிட்டு, "எதைப் பார்த்தது நினைவிருக்கிறது?" என்று கேளுங்கள். "கண் முதலில் எங்கே போனது?" "எது முன்னால் இருக்கிறது, எது பின்னால்?" "இது காலையா மாலையா?" இவற்றுக்கு வரும் பதில் விருப்பு வெறுப்பைச் சாராது. நீங்கள் மாலை என்று நினைத்து வரைந்ததை இருவரும் காலை என்று சொன்னால் வேலை இருக்கிறது என்று பொருள்.

பதில் வந்த உடனே தூரிகையை எடுக்காதீர்கள். ஓர் அமர்வு போகட்டும். பிறகும் அது சரி என்று தோன்றினால் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. காய்ந்த ஓவியத்தின் மேல் ஒளி புகும் பிளாஸ்டிக் தாளைப் பதித்து, அதன் மேல் மாற்றத்தை வரைந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் தாளை எடுத்துவிடலாம். நீர்வண்ணத்தில் அழிக்க வழி குறைவு என்பதால், அதில் இந்த முறை எத்தனையோ தாள்களைக் காப்பாற்றும்.

படி 7: பிறருக்காக வரையும்போது

ஒருவர் கேட்டு நீங்கள் வரையும் ஓவியம் என்றால் கணக்கு மாறும். எத்தனை முறை காட்டுவீர்கள் என்பதைத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நான் மூன்று முறை என்று வைத்திருக்கிறேன்: பென்சில் கோட்டோவியம், சிறிய அளவில் வண்ண மாதிரி, முடிவதற்குச் சற்று முன். பெரிய மாற்றங்கள் எல்லாம் முதல் இரண்டிலேயே முடிந்துவிட வேண்டும். மூன்றாவதில் சின்னத் திருத்தம்தான். இதை எழுத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

அந்த ஓவியத்தை மற்றவர்களுக்குப் பகிரும் முன் கேட்டவரிடமும், முகம் வரையப்பட்டவரிடமும் அனுமதி வாங்குங்கள். பரிசாகக் கொடுக்க இருந்த ஓவியம் முன்கூட்டியே வெளியாகிவிட்டால் அந்த மகிழ்ச்சியைத் திருப்பித் தர முடியாது. இன்னொருவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் அவர் அனுமதியும் வேண்டும். போட்டிக்கோ கண்காட்சிக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால் விதிகளை முதலில் படியுங்கள். முன்பே வெளியான படைப்புகளைச் சில இடங்களில் ஏற்பதில்லை.

பகிரும் படத்தின் நீண்ட பக்கம் 1,500 பிக்சல் இருந்தால் திரையில் பார்க்கப் போதும். பெரிய கோப்பை உங்களிடமே வைத்திருங்கள். கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிந்திருக்கலாம், அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

படி 8: பகிர்ந்த ஓவியம் நின்றுபோனால்

நான்கு நிலைகளைக் காட்டிய பிறகு ஓவியம் வழிக்கு வரவில்லை. எல்லோரும் அடுத்த படத்துக்குக் காத்திருக்கிறார்கள். அப்போது அவர்களுக்காக முடித்துவிடும் ஆசை வரும். வேண்டாம். "இதை நிறுத்திவிட்டேன், காரணம் இது" என்று இரண்டு வரி எழுதினால் போதும். அதைப் படிக்கும் இன்னொரு ஓவியருக்கு அது நிம்மதி தரும்.

பிக்காசோவின் வயதான கிதார்க்காரர் ஓவியத்தை, 1903–04-ல் வரைந்தது, எக்ஸ்-கதிரில் பார்த்தபோது அடியில் ஒரு பெண்ணின் உருவம் இருந்தது. கேன்வாஸ் வாங்கப் பணமில்லாத காலம், முந்தைய முயற்சியின் மேலேயே வரைந்திருக்கிறார். நீங்களும் சுரண்டி எடுக்கலாம், மேலே வரையலாம். எண்ணெய் வண்ணம் என்றால் மேல் அடுக்கில் கீழ் அடுக்கை விட எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சீக்கிரம் இறுகி, கீழே அசையும்போது வெடிக்கும். எண்ணெய் ஓவியத்தின் மேல் அக்ரிலிக் போடவே கூடாது, ஒட்டாது.

ஓவியம் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய் ஓவியம் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நாளிலிருந்து சில வாரத்தில் வரும், ஆனால் மரபாக வார்னிஷ் போட ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருப்பார்கள். வார்னிஷுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று கடைசிப் படங்களை எடுங்கள். பிறகு முதல் சிறு வரைவு தொடங்கி எல்லா நிலைகளையும் வரிசையாக ஒரே தொகுப்பாகப் பகிருங்கள். மத்தீஸ் 1945 டிசம்பரில் பாரிஸில் ஒரு கண்காட்சியில் தன் ஓவியங்களோடு அவற்றின் நிலைகளைக் காட்டும் புகைப்படங்களையும் சட்டமிட்டு மாட்டினார். எல்லாம் முடிந்த ஓவியங்கள். காட்டாமல் வைத்திருந்த அந்த நடுக்காலத்தையும் இப்போது தயங்காமல் காட்டலாம். முடிவு தெரிந்த பிறகு அதைப் பார்ப்பவர்கள் "இங்கிருந்து எப்படி மீண்டீர்கள்?" என்று கேட்பார்கள். பதில் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.

அந்த மூதாட்டியின் முகம் இரண்டு ஆண்டு சுவரைப் பார்த்து நின்றது. கெட்டுப்போன கன்னத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பின்னணி முழுவதையும் பச்சை கலந்த சாம்பலால் மூடினேன். ஒரே பிற்பகல் வேலை. நிழல் பக்கம் உடனே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, நெற்றியில் வெளிச்சம் நின்றது. எல்லோரும் பாராட்டிய பழுப்பில் வலது ஓரத்தில் விரல் அகலத்துக்கு மட்டும் மூடாமல் விட்டிருக்கிறேன்.